கத்தியில் கட்டிய பெயர்கள்

எண்ணுவதற்கு இப்போது கருவி வந்துவிட்டது. போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நலவழி மையம் என்கிற அரசு சுகாதார நிலையத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நிவேதா என்ற பெண், ஒரு கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, "சார், இதுக்கு முன்னாடி நின்னு உட்கார்ந்து எழுந்திருங்க, அதுவே எண்ணும்" என்றாள். உட்கார்ந்து எழுந்தேன். கருவி எட்டு என்றது. நான் செய்தது ஏழரை. கடைசி முறை முட்டி பிடித்துக்கொண்டதால் பாதியில் நின்றுவிட்டேன். அதையும் அது முழுதாகச் சேர்த்துக்கொண்டது.

"இது தப்பும்மா" என்றேன்.

"ஒண்ணு முன்னபின்ன இருந்தா என்ன சார்?"

இப்படித்தான் நாடு கெடுகிறது. வேலை பார்த்த காலமெல்லாம் என் எதிரில் யாரும் தப்பாக எண்ணிவிட்டுத் தப்பித்ததில்லை. நோயாளி ஆறுக்குப் பிறகு எட்டு என்று தாவினால் ஏழைக் கொண்டுவரச் செய்வேன். தப்பான எண்ணிக்கையை வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு முறைதான். அதை நிவேதாவிடம் சொன்னபோது, "எப்ப சார், சொல்லுங்க" என்றாள். சொல்லத் தொடங்கினேன். அவள் கைப்பேசி மூன்று முறை அடித்தது. வீட்டுக்கு வந்து எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது. எழுத்துக்கு நடுவே யாரும் "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்ல முடியாது.

நான் உடற்பயிற்சி சிகிச்சை படித்தவன். படித்த கதையை நீட்டப் போவதில்லை. எலும்புகள் இருநூற்று ஆறு என்று கற்றுக்கொடுத்தார்கள். மாதிரி எலும்புக்கூட்டில் எண்ணிப் பார்த்தேன், இரண்டு குறைந்தது, ஆசிரியரிடம் சொன்னேன், அதன் பிறகு அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. படிப்பு அவ்வளவுதான். பிறகு வேலை கிடைத்து, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு நலவழி மையத்தில் வந்து விழுந்தேன். கடைசி வரைக்கும் அங்கேதான்.

என் அறை ஊசி போடும் அறைக்கும் சாமான் அறைக்கும் நடுவில். சுவரில் ஒரு மர ஏணி, நடந்து பழக இரண்டு கம்பிகள், ஒரு பாய், ஆள் உயரக் கண்ணாடி. மின்விசிறி நான்கு, சுற்றுவது இரண்டு. ஜன்னலுக்கு வெளியே கரும்பு. பக்கவாதம் வந்தவர்கள், டிராக்டரிலிருந்து விழுந்தவர்கள், கடலூர் சாலையில் அடிபட்டவர்கள் எல்லாரும் அங்கே என் எண்ணிக்கைக்குக் கை கால் அசைத்தார்கள். "ஒண்ணு ரெண்டு சார்" என்பதுதான் ஊருக்குள் என் பெயர். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னால் பொய்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் அருள்மேரி. குரலை உயர்த்தமாட்டார். ஒன்றை இரண்டாம் முறை சொல்லமாட்டார். டீயை எப்போதும் பாதிதான் குடிப்பார். மீதியை ஏன் ஊற்றிக்கொள்கிறார் என்பது எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை. அந்த அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. மையத்தில் யாரும் நோயாளியைப் பார்த்து "சரியாயிடும்" என்று சொல்லக் கூடாது.

"சரியாகுமா ஆகாதான்னு நமக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்றதுக்கு ஜோசியர் இருக்காரு. நாம என்ன செய்யப் போறோம்னு மட்டும் சொல்லுங்க" என்பார்.

மீறினால் தண்டனை உண்டு. சொன்னவர் அந்த நோயாளியின் முன்னாலேயே பத்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். நர்ஸ், மருந்து கொடுப்பவர், டிரைவர், யாராக இருந்தாலும் பத்து. ஒரு நாள் டாக்டரம்மாவே ஒரு குழந்தையின் தாயிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "எண்ணுங்க" என்றார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பத்தும் செய்தார். நான் சரியாகத்தான் எண்ணினேன். ஒன்பதில் விட்டுவிடலாமா என்று யோசிக்கக்கூட இல்லை.

செண்பகம் என்னிடம் வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம். பூரணாங்குப்பத்துக்காரி. தவளக்குப்பம் கூட்டுரோட்டில் மீன் விற்கும் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவள். கணவன் ஏழுமலை படகில் கூலிக்குப் போகிறவன்.

நோய் எப்படித் தொடங்கியது என்று எனக்குச் சொன்னவள், வரிசையில் அவளுக்குப் பக்கத்து இடத்துக்காரி அஞ்சலை.

"ரெண்டு நாளா தலவலி, காய்ச்சல்னா சார். மூணாம் நாளு வந்து குந்துனா. ஒரு ஆளு அரைக் கிலோ கேட்டான், ஒரு கிலோ போட்டா. காசே வாங்கல. அடுத்தவன் மீனே வாங்கல, அவன்கிட்ட மீதிச் சில்லறையக் குடுத்தா. ஒரு கருவாட்டுத் துண்டு சும்மா தராதவ சார் இவ. அப்பவே எனுக்குத் தெரிஞ்சு போச்சு, காய்ச்சலு மூளைக்கு ஏறிடுச்சுன்னு."

மற்றவர்கள் காற்று சேட்டை என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போகப் பார்த்திருக்கிறார்கள். அஞ்சலை ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு நேராகப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். வழியிலேயே செண்பகத்துக்கு வலிப்பு வந்தது. அங்கே முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்து, மூளையில் வைரஸ் காய்ச்சல் என்று கண்டுபிடித்து, வாரக்கணக்கில் நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். நினைவில்லாமல் கிடந்தவள் பிழைத்துக்கொண்டாள். உதட்டோரம் கொப்புளம் வரவைக்கிற சாதாரண வைரஸ்தான், அபூர்வமாக யாரோ ஒருவருக்கு இப்படி மூளைக்குப் போய்விடும் என்று டாக்டரம்மா எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து நான் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

படுத்தே கிடந்ததில் கால் வலுவெல்லாம் போய், நிற்கத் தடுமாறி, செண்பகம் எங்களிடம் வந்து சேர்ந்தாள். கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கால் எண்ணிக்கைக்குக் கட்டுப்படும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு பூனை.

முதல் வாரம், அவள் கம்பிகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தபோது, சாமான் அறைப் பூனை குறுக்கே வந்தது. மிதித்துவிடப் போகிறாளே என்று, "பூனை பூனை" என்று கத்தினேன். அவள் நின்று, அதை மேலும் கீழும் பார்த்து, "இன்னா சார் அது?" என்றாள்.

டாக்டரம்மா பட அட்டைகளைக் கொண்டுவந்தார். கத்தி, தராசு, குடை, சைக்கிள், பூட்டு என்று செண்பகம் நான் அட்டையைத் திருப்பும் வேகத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மாடு வந்தது. நீண்ட யோசனைக்குப் பிறகு, "பெரிய சைஸு பூனை" என்றாள். பூனை என்ற சொல்லை அப்போதுதான் என்னிடம் கற்றிருந்தாள். கோழியும் பூனைதான். வாழைப்பழம் "ஏதோ துண்ணுறது". வாசலில் நின்ற ஏழுமலை சிரித்துவிட்டான். செண்பகமும் சிரித்தாள். பிறகு அவன், கையிலிருந்த பையைப் பிரித்து ஒரு சங்கராவை எடுத்துக் காட்டினான். "இது இன்னா சொல்லு பாப்போம்."

"மீனு."

"இன்னா மீனு?"

அவள் மீனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "மீனு தான்யா" என்றாள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சாமான் எல்லாம் அடுக்கின அலமாரி அப்படியே இருக்கு. உயிருள்ளது எல்லாம் அடுக்கின அலமாரியை வைரஸ் தின்னுட்டுது. சில பேருக்கு இப்படி ஆகும்."

"மேடம், இவ மீன் விக்கிறவ."

"தெரியும்" என்றார். டீ முழுதும் மீதியிருந்தது.

இதற்கு ஒரு கெடு வேறு இருந்தது. தவளக்குப்பம் வரிசையில் ஒரு வழக்கம். மீன்பிடித் தடைக்காலத்தில் வரிசை கலைந்துவிடும். பாதிப் பேர் வரமாட்டார்கள். தடை முடிந்து படகுகள் போய்வந்த முதல் நாள், யார் எந்த இடத்தில் சாக்கு விரித்து, தன் வாயால் பேசி, தன் கையால் வெட்டி, முதல் போணி செய்கிறாளோ, அடுத்த தடைக்காலம் வரைக்கும் அந்த இடம் அவளுடையது. அவளுக்குப் பதில் வேறு ஆள் பேசி விற்றால் அது செல்லாது. பொழுது சாய்வதற்குள் போணி ஆகாத இடத்தைப் பக்கத்துக்காரி எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துக்காரி அஞ்சலை. எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்பதை அவள் ஒளிக்கவும் இல்லை.

"எம் மருமவ சும்மாதான் குந்தியிருக்கா. அவளுக்கு எடம் வோணும். மீனைப் பாத்து மீனுன்னு சொல்றவளுக்கு நடுவுல எடம் இன்னாத்துக்கு? மனசுல ஒண்ணு வச்சுகினு வெளிய ஒண்ணு பேச எனுக்கு வராது சார்."

இதை அவள் செண்பகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள். பயிற்சிக்கு மீன் கொண்டுவருகிறவளும் அவள்தான். தடைக்காலத்தில் கட்டுமரக்காரர்கள் கொண்டுவருவதில் பொறுக்கி எடுத்து வருவாள். வந்தால் உடனே போகமாட்டாள். என் நாற்காலியில் உட்கார்ந்து முழுதும் வேடிக்கை பார்ப்பாள். எங்கள் சட்டம் தெரிந்த பிறகு அவளுக்கு இன்னும் குஷி. ஒவ்வொருவரிடமும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "எம் முட்டிவலி போவவே மாட்டுது, சரியாயிடுமா சார்?" என்று கேட்பாள். டிரைவர் இரண்டு முறை மாட்டினார். நான் மாட்டவில்லை. மாட்டவில்லை என்பதில் அவளுக்கு என்மேல் வருத்தம்.

டாக்டரம்மா சொன்ன முறை இது. நோயாளியை ஊகிக்க விடக் கூடாது. ஊகித்துத் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பே மனதில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பெயரை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் திருப்பிச் சொல்வாள். உடனே ஒரு முறை கேட்க வேண்டும். பிறகு சற்று இடைவெளி விட்டு ஒரு முறை. பிறகு அதைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி. பிறகு நான்கு மடங்கு. தடுமாறினால், தடுமாற விடாமல் பெயரைச் சொல்லிவிட்டு, முந்தின இடைவெளிக்குத் திரும்பிவிட வேண்டும். நடுவில் சும்மா இருக்கக் கூடாது. அந்த இடைவெளிகளை என் உட்கார்ந்து எழும் பயிற்சியால் நிரப்பினோம். வஞ்சரம், இரண்டு எழல், வஞ்சரம், நான்கு எழல், வஞ்சரம், எட்டு. கால் பயிற்சியும் மீன் பயிற்சியும் ஒரே கணக்கில் ஓடியது. என் வாழ்நாளில் எனக்காகவே செய்யப்பட்ட சிகிச்சை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஐந்து மீன் தேர்ந்தெடுத்தோம்: வஞ்சரம், சங்கரா, கெளுத்தி, நெத்திலி, இறால். இறால் மீன் அல்ல என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. ஐந்தையும் ஐந்து தட்டில் வைத்தேன். அறை நாறியது. பூனைகள் வந்தன. முதல் நாள் ஒன்று, அந்த வார முடிவில் நான்கு, பிறகு ஏழு. ஏழும் கண்ணாடி முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிடும். கண்ணாடியில் இன்னொரு ஏழு. பக்கவாதக்காரர் ஒருவர், இந்த வாசனையில் தனக்குப் பசி எடுத்துப் பாதி வியாதி போய்விட்டதாகச் சொன்னார்.

செண்பகம் முன்னேறினாள். எட்டு எழலுக்குப் பிறகும் பெயர் நின்றது. மறுநாள் காலையிலும் நின்றது. ஐந்து தட்டுக்கும் ஐந்து பெயர், தடுமாற்றம் இல்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அன்று டீயை முழுதாகக் குடித்தார்.

அடுத்த நாள் எங்கள் உதவியாளர் லோகு, தட்டுகளைக் கழுவி அவன் இஷ்டத்துக்கு மீனை வைத்துவிட்டான். செண்பகம் நெத்திலியைக் கூர்ந்து பார்த்து, "வஞ்சரம்" என்றாள். இறாலைக் காட்டிக் "கெளுத்தி" என்றாள், துளிச் சந்தேகம் இல்லாமல்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. வஞ்சரம் எப்போதும் நீலத் தட்டில் இருந்தது. இப்போது நீலத் தட்டில் நெத்திலி. அவள் இத்தனை நாளாக மீனைப் படிக்கவே இல்லை. தட்டைப் படித்திருக்கிறாள். தட்டு சாமான். சாமான் அலமாரி அவளிடம் பத்திரமாக இருக்கிறது.

நாற்காலியில் இருந்த அஞ்சலை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏன்டி, கூட்டுரோட்டுக்கு நீலத் தட்டத் தூக்கினு வருவியா? அதுல எத்தப் போட்டாலும் வஞ்சர வெலைக்கு வித்துடுவியே."

"வித்தா உனுக்கு இன்னாக்கா வலிக்குது? நீ ஐஸு மீனப் புது மீனுன்னு விக்கல?" என்றாள் செண்பகம். இந்த அலமாரியும் பத்திரமாகத்தான் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடை முடிய அதிக நாள் இல்லை. "போதும்மா, நாத்தம் தாங்கல. இதையெல்லாம் ஆய்ஞ்சாவது எடுத்துட்டுப் போ" என்று கத்தியையும் பலகையையும் அவள் பக்கம் தள்ளினேன்.

செண்பகம் கத்தியை எடுத்தாள். வஞ்சரத்தைக் குறுக்கே வைத்து வட்டம் வட்டமாகத் துண்டு போட்டாள். சங்கராவை வாலைப் பிடித்து, செதிலை எதிர்த்துச் சீவினாள். கெளுத்தியை எடுத்ததும் முதலில் கத்தியின் பின்பக்கத்தால் இரண்டு பக்க முள்ளையும் ஒடித்தாள். நெத்திலிக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, விரலால் தலையைக் கிள்ளிக் குடலை இழுத்தாள். இறாலின் ஓட்டை உரித்து, முதுகு நரம்பை ஒரே இழுப்பில் எடுத்தாள். ஐந்துக்கு ஐந்து விதம், ஒரு பிசகும் இல்லை. கை எல்லாவற்றையும் வைத்திருந்தது. வாய்க்குத்தான் தகவல் போகவில்லை.

நான் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் ஒரு கெளுத்தி முழுதும் ஆயும்வரை பார்த்தார். "தட்டை எடுத்துடுங்க. பேரைக் கத்தியில கட்டுங்க" என்றார்.

அப்படியே செய்தோம். இனிமேல் மீனைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டாம். மீனை எடு, கத்தியை வை, கை எந்தப் பக்கம் போகிறதோ அதற்குப் பெயர். வட்டம் என்றால் வஞ்சரம். எதிர்ச் சீவல் சங்கரா. முள் ஒடிப்பு கெளுத்தி. அதே இடைவெளிகள், அதே உட்கார்ந்து எழல். தட்டெல்லாம் இப்போது ஒரே நிறம். ஐந்தும் லோகு கொண்டுவந்த வாழை இலை. சில நாளில், கத்தி மீனைத் தொடாமலே, காற்றில் ஒரு முறை அசைந்ததும் பெயர் வரத் தொடங்கியது. சரியான பெயர். அஞ்சலை சிரிப்பதை நிறுத்திவிட்டு, இடைவெளிகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, "அஞ்சு மீனு. கடல்ல அஞ்சு மீனுதான் கீதா?" என்றாள்.

அதைத்தான் நானும் தூக்கமில்லாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏழுமலையைப் பிடித்து, முதல் நாள் ஏலத்தில் இந்த ஐந்தில் எதையாவது எடு, வேறு எதையும் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவன் தலையாட்டினான். அவன் தலையாட்டும் விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நாள் வந்தது. நானும் டாக்டரம்மாவும் தவளக்குப்பத்தில் இறங்கியபோது சாலையோரம் வரிசை முழுதும் நிறைந்திருந்தது. செண்பகம் தன் இடத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அஞ்சலை. அஞ்சலைக்கு அந்தப் பக்கம், சாக்கைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அவள் மருமகள். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது பேச்சு; திறந்தால் போணி செல்லாது. எதிர்க் கடை ஓரமாக நின்றோம்.

செண்பகத்தின் பெட்டியைப் பார்த்தேன். வஞ்சரம் இல்லை. சங்கரா இல்லை. ஐந்தில் ஒன்றுகூட இல்லை. பெட்டி நிறைய வெள்ளை வெளேரென்று பாறை மீன்.

ஏழுமலை என் பக்கத்தில் வந்து நின்றான். "ஏலத்துல வஞ்சரம் கிட்டவே போவ முடியல சார். மொத நாளு இல்ல, வெல ஏறிப் போச்சு. மத்ததெல்லாம் நான் கேக்கறதுக்குள்ள போயிடுச்சு. இதான் கெடைச்சுது."

முகம் வெளுத்திருந்தது. அழுதுவிடுவான் போலிருந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. "விடுப்பா, கவலைப்படாத, சரியாயிடும்."

டாக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் காதில் விழுந்துவிட்டது.

முதலில் வந்த இரண்டு பேர் பாறையைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார்கள். மூன்றாவது, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் வண்டியை நிறுத்திக் குனிந்தார். பட்டணத்து ஆள்.

"இது என்ன மீனும்மா?"

செண்பகம் ஒன்றை எடுத்தாள். கத்தியை வாலருகில் வைத்தாள். பாறைக்கு வாலோரம் ஓடுபோல் ஒரு வரிசைச் செதில் இருக்கும். அதைத்தான் முதலில் சீவ வேண்டும். கை சரியாக அங்கே போனது. அசைந்தது. பெயர் வரவில்லை. நாங்கள் அந்த அசைவில் எந்தப் பெயரையும் கட்டவில்லையே. மறுபடி அசைத்தாள். வரவில்லை.

"நல்ல மீனு சார். காலைல எறங்குனது."

"அது சரி, பேர் என்ன? பேர் தெரியாம எடுத்துட்டுப் போனா எங்க வீட்டுல அடுப்புலயே வைக்க மாட்டாங்க."

கத்தி மூன்றாம் முறை காற்றில் அசைந்தது. அவர் வண்டிச் சாவியைத் திருகினார். மருமகளின் மடியில் இருந்த சாக்கு பாதி பிரிந்திருந்தது. நான் ஏழுமலையின் கையைப் பிடித்திருக்கிறேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

அப்போது அஞ்சலை, எங்கோ பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, தன் வியாபாரத்துக்குக் கூவினாள். "பாறே, பாறே, கடல் பாறே, இப்ப எறங்குன பாறே."

"பாற சார்" என்றாள் செண்பகம். "பாற மீனு. கொழம்புக்கும் ஆவும், வறுக்கவும் ஆவும்."

"பாறையா, சரி, ஒரு கிலோ போடு."

போணி ஆயிற்று. கத்தி வாலோரம் சீவியது. செண்பகத்தின் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவர் வண்டியை எடுத்ததும் அஞ்சலை மறுபடி கூவினாள், "பாறே, பாறே." எனக்குப் பழக்கம் விடுமா, மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது எண்ணியபோது கூவினாள். அடுத்தது அறுபதில். அதற்கடுத்தது நூற்றிருபதைத் தாண்டியபோது. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவரும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அஞ்சலை வாய் திறப்பதற்கு முன்னாலேயே, வந்து நின்ற ஒரு பெண்மணியிடம் செண்பகம், "பாறக்கா, பாற மீனு, குடுங்க பைய" என்றாள். அஞ்சலை கூவுவதை நிறுத்திவிட்டு வெற்றிலையை எடுத்தாள். மருமகள் சாக்கை மறுபடி சுருட்டினாள்.

சாலையைக் கடந்து அவர்களிடம் போனோம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டாக்டரம்மா முந்திக்கொண்டார்.

"சார் ஏழுமலைகிட்ட ஒரு வார்த்தை சொன்னார்."

"இன்னா சொன்னாரு?" என்றாள் அஞ்சலை. அவள் கண்ணில் வெளிச்சம் வந்தது.

"சரியாயிடும்னு சொன்னார்."

வரிசையே திரும்பியது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்: இது மையம் இல்லை, ஏழுமலை நோயாளி இல்லை, என் முட்டி சரியில்லை. அஞ்சலை கத்தியால் தரையைக் காட்டினாள். "இத்தினி நாளு மாட்டல இல்ல. நான் எண்றேன் சார், நீ குந்து."

கூட்டுரோட்டில், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்க, உட்கார்ந்து எழத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று சரியாகத்தான் போனாள். ஆறு என்றாள். எழுந்து உட்கார்ந்தேன். மறுபடியும் ஆறு என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. செண்பகம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எதிர்ப்பதற்கு வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் நான் கீழே உட்கார்ந்திருந்தேன். அஞ்சலையின் கூடை சரியாக என் கண் மட்டத்தில் இருந்தது. மேலே நெத்திலி. எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தபோது கூடையின் ஓரம் வரைக்கும் பார்த்தேன். நெத்திலிதான். அடுத்த முறை அவள் முறத்தையும் பார்த்தேன். அதிலும் நெத்திலி. அவளிடம் பாறை ஒன்றுகூட இல்லை. காலையிலிருந்தே இருந்திருக்கவில்லை.

"ஆறு" என்றாள் அஞ்சலை, நான்காம் முறையாக, என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"ஆறு" என்று நானும் சொன்னேன். அவள் பத்து சொல்லி முடித்தபோது, நான் செய்தது பதின்மூன்று.